ஒரே ஆறு, ஒரே பகல், மூன்று பேர்: போர்ப் பதக்கங்களைப் படிப்பது எப்படி

ராணுவ வீரரின் மார்பில் வரிசையாகத் தொங்கும் பதக்கங்கள் எல்லாமே வீரச் செயலுக்குக் கொடுத்தவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை அப்படி அல்ல. ஒரு போரில் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்த அனைவருக்கும் கிடைப்பது போர்ச்சேவைப் பதக்கம். முன்வரிசையில் நின்று சுட்டவருக்கும் அது உண்டு, பின்னால் கிடங்கில் கணக்கு எழுதியவருக்கும் உண்டு. வீரப் பதக்கம் வேறு. ஒருவர் செய்த ஒரு குறிப்பிட்ட செயலுக்காக, சாட்சி கேட்டு, மேலிடம் ஒப்புதல் தந்து, பெயர் சொல்லிக் கொடுப்பது அது.

முதல் வகைப் பதக்கம் ‘இவர் அங்கே இருந்தார்’ என்கிறது. இரண்டாவது வகை ‘இவர் இதைச் செய்தார்’ என்கிறது. ‘இதைச் செய்தவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது’ என்று எந்தப் பதக்கமும் சொல்வதில்லை. யாருக்குத் தரலாம், யாருக்குக் கூடாது என்ற விதிகள் பதக்கத்தின் பின்னால் இருக்கின்றன. அந்த விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் வரலாறு கோணலாகத்தான் தெரியும். இதை விளக்க 1879-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஐ விடப் பொருத்தமான நாள் கிடைப்பது அரிது. அன்று தென்னாப்பிரிக்காவில், பஃபலோ ஆற்றின் ஒரே துறையில், மூன்று பேர் மற்றவர்களின் உயிரைக் காக்கத் தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். மூவருக்கும் கிடைத்தது மூன்று விதம்.

அன்று நடந்தது

ஜூலு நாட்டின் மன்னர் செட்ஷ்வாயோவுக்கு, அவரால் ஏற்கவே முடியாத நிபந்தனைகளை 1878 டிசம்பர் 11 அன்று பிரிட்டிஷ் ஆணையர் சர் பார்ட்டில் ஃபிரேர் விதித்தார். படையைக் கலைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கெடு முடிந்ததும், 1879 ஜனவரி 11 அன்று பிரிட்டிஷ் படை எல்லையைத் தாண்டி உள்ளே நுழைந்தது. ஆகவே இது ஜூலுக்கள் தங்கள் மண்ணில் நின்று நடத்திய தற்காப்புப் போர். பிரிட்டிஷ் வீரர்களின் துணிச்சலைப் பற்றிப் பேசும்போதும் இதை மறக்கக் கூடாது.

இசாண்டில்வானா என்ற குன்றின் அடிவாரத்தில் பிரிட்டிஷ் முகாம் இருந்தது. தளபதி செம்ஸ்ஃபோர்டு பிரபு படையின் ஒரு பாதியை அழைத்துக்கொண்டு விடியுமுன்னே வேறு திசையில் போய்விட்டார். முகாமில் மிஞ்சியவர்கள் சுமார் 1,700 பேர். அவர்கள்மீது ஏறத்தாழ 20,000 ஜூலு வீரர்கள் பாய்ந்தார்கள். மாடு கொம்பை விரிப்பது போல இரு பக்கமும் வளைத்துச் சூழ்வது ஜூலுப் படையின் போர்முறை. அந்தக் கொம்புகளில் ஒன்று முகாமுக்குப் பின்புறம் வந்து, ஆற்றுக்கு அக்கரையில் பிரிட்டிஷ் தளமாக இருந்த ரோர்க்ஸ் டிரிஃப்டுக்குப் போகும் வண்டிப்பாதையை அடைத்துவிட்டது. முகாமில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பாதை அடைபட்டதால், தப்பியவர்கள் பாறையும் பள்ளமுமான காட்டு நிலத்தின் வழியே சுமார் 6 கிலோமீட்டர் ஓடி ஆற்றுக்கு வர வேண்டியிருந்தது. உயிர்தப்பிய வெள்ளையர்கள் ஏறத்தாழ எல்லாருமே குதிரை வைத்திருந்தவர்கள். ஜனவரி அங்கே மழைக்காலம். ஆறு கரைபுரண்டு ஓடியது. பின்னால் ஈட்டியோடு துரத்தி வருகிறார்கள், எதிரே வெள்ளம். அக்கரைக்குப் போய்விட்டால் அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நேட்டால். பிற்பாடு அந்தத் துறைக்கு ‘தப்பியோடியவர்களின் துறை’ என்றே பெயர் வந்தது.

சாமுவேல் வாஸல் செய்தது

வாஸல் 80-ஆம் காலாட்படையின் சிப்பாய். குதிரையேறிய காலாட்படைப் பிரிவில் அப்போது பணியில் இருந்தார். வயது 22. ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய ரெஜிமெண்டைச் சேர்ந்த சிப்பாய் வெஸ்ட்வுட் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

அடுத்து அவர் எந்த வரிசையில் எதைச் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசிதழில் வெளியான குறிப்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஜூலுக்கள் இருந்த கரையிலேயே குதிரையை விட்டு இறங்கினார். குதிரையை அங்கேயே விட்டுவிட்டு ஆற்றில் இறங்கி வெஸ்ட்வுட்டைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து மீட்டார். பிறகு மறுபடியும் குதிரைமேல் ஏறி, துப்பாக்கிக் குண்டுகள் மழையாகப் பொழியும்போது வெஸ்ட்வுட்டை இழுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்.

குதிரையிலேயே நேராக வெள்ளத்தில் இறங்கிப் போகும் வழியில் அவனைப் பிடித்திருக்கலாமே என்று தோன்றும். மூழ்குகிறவர் கைக்கு எது அகப்பட்டாலும் பிடித்துத் தொங்குவார். நீந்தும் குதிரையின் கடிவாளத்தையோ கழுத்தையோ அவர் பற்றினால் குதிரையின் தலை தண்ணீருக்குள் போகும், மூவரும் சேர்ந்து மூழ்குவார்கள். வாஸலின் வழி பாதுகாப்பானது, ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க அவருடைய குதிரை எதிரி நெருங்கி வரும் கரையில் ஆளில்லாமல் நிற்கிறது. குதிரை மிரண்டு ஓடினாலோ ஜூலுக்கள் முன்னதாக வந்து சேர்ந்தாலோ அவருக்குத் தப்ப வழியில்லை. மீட்கப்பட்டவரோடு எதிரியின் பக்கத்துக்கே திரும்பிப் போனார் என்பதுதான் இந்தச் செயலின் உச்சம்.

அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அன்றைய இசாண்டில்வானா சண்டைக்காக அந்தக் காலத்தில் வழங்கப்பட்ட ஒரே விக்டோரியா கிராஸ் அதுதான். அதே நாள் மாலை தொடங்கி ரோர்க்ஸ் டிரிஃப்டில் நடந்த சண்டைக்கு 11 கிடைத்தன.

அதே ஆற்றில் மற்ற இருவர்

24-ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனின் அட்ஜுடண்ட் (நிர்வாக அதிகாரி) லெஃப்டினண்ட் மெல்வில், பட்டாலியனின் அரசிக் கொடியைச் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்கினார். நடு வெள்ளத்தில் குதிரை கைவிட்டுப் போக, ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு தத்தளித்தார். அதே ரெஜிமெண்டைச் சேர்ந்த லெஃப்டினண்ட் காக்ஹில் அதற்குள் பத்திரமாக அக்கரை சேர்ந்திருந்தார். முழங்காலில் அடிபட்டிருந்ததால் அவரால் சரியாக நடக்கக்கூட முடியாது. மெல்வில்லைப் பார்த்ததும் குதிரையைத் திருப்பி மறுபடி ஆற்றில் இறங்கினார். குதிரை சுடப்பட்டு விழுந்தது. இருவரும் எப்படியோ நேட்டால் கரை ஏறினார்கள், ஆனால் மேட்டில் கொஞ்ச தூரம் போவதற்குள் கொல்லப்பட்டார்கள். கொடி வெள்ளத்தில் போய், பிப்ரவரி 4 அன்று ஆற்றில் கிடைத்தது.

காக்ஹில் செய்ததும் மீட்பு முயற்சிதான். தப்பித்துவிட்ட ஒருவர் திரும்பி வந்து செய்தது என்பதால் அது இன்னும் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பதக்கம் இல்லை. உயிரோடு இருப்பவருக்குத்தான் விக்டோரியா கிராஸ் என்பது அன்றைய போர் அலுவலகத்தின் நடைமுறை. ‘பிழைத்திருந்தால் பரிந்துரைத்திருப்போம்’ என்று 1879 மே மாதம் அரசிதழில் ஒரு குறிப்பு மட்டும் வந்தது. தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போருக்குப் பிறகுதான் இந்த நடைமுறை இளகியது. 1907 ஜனவரி 15-இல் மெல்வில், காக்ஹில் இருவருக்கும் விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள். அதற்கு 28 ஆண்டுகள் பிடித்தன. இறந்தவர்களுக்கும் தரலாம் என்று சாசனத்திலேயே எழுதியது 1920-இல்.

மூன்றாமவர் சிமியோன் கம்புலா. நேட்டால் உள்நாட்டுக் குதிரைப்படையில் எடெண்டேல் பிரிவின் சார்ஜண்ட் மேஜர், கறுப்பின ஆப்பிரிக்கர். எல்லாரும் கலைந்து ஓடிய அந்தக் குழப்பத்தில் அவருடைய ஆட்கள் மட்டும் கட்டுக்குலையாமல் ஒன்றாக ஆற்றைக் கடந்தார்கள். கடந்ததும் ஓடிவிடவில்லை. கரையில் நின்று திரும்பிச் சுட்டு, பின்னால் ஆற்றில் தத்தளித்து வந்தவர்கள் கரையேற அவகாசம் வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவர் ஒருவரைத் தண்ணீரிலிருந்து இழுப்பது கண்ணுக்குத் தெரியும் மீட்பு. கரையில் நின்று சுடுவதால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ண முடியாது. ஆனால் அதுவும் மீட்புதான். கம்புலாவுக்குக் கிடைத்தது டி.சி.எம். என்னும் சிறந்த நடத்தைப் பதக்கம். அது 1854 முதல் சாதாரணப் படைவீரர்களுக்கு என்று இருந்த வெள்ளிப் பதக்கம், விக்டோரியா கிராஸுக்கு அடுத்த படி.

ஆக, ஒரே துறையில் ஒருவருக்கு உச்சப் பதக்கம், ஒருவருக்கு 28 ஆண்டு கழித்து, ஒருவருக்கு ஒரு படி கீழே. வீரத்தின் அளவு மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை.

குதிரைமேல் மீட்பது ஏன் அவ்வளவு கடினம்

ஜூலுப் போரின் விக்டோரியா கிராஸ்களில் குதிரைமேல் செய்த மீட்புகள் பல. குதிரையை இழந்தவரைத் தன் குதிரையில் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதுதான் வழக்கமான முறை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதில் மூன்று இடங்களில் காரியம் கெடும்.

முதலாவது, நிற்பது. துரத்துகிறவர்கள் வேகமாக ஓடி வருகிறார்கள். ஒரு குதிரை நின்று, ஆளை ஏற்றி, மறுபடி வேகம் எடுப்பதற்குள் அவர்கள் வந்துவிடுவார்கள். இரண்டாவது, குதிரையின் இயல்பு. சேணத்துக்குப் பின்னால், இடுப்பின்மேல் பாரம் ஏறினால் பழக்கமில்லாத குதிரை உதைக்கும், துள்ளும். மூன்றாவது, மீட்கப்படுபவரின் நிலை. நினைவோடு இருப்பவர் ரிக்காபில் கால் வைத்துத் தானே ஏறிக்கொள்வார். மயங்கிக் கிடப்பவரைத் தரையிலிருந்து குதிரை முதுகு உயரத்துக்கு ஒற்றை ஆள் தூக்குவது ஏறத்தாழ நடவாத காரியம்.

இந்த மூன்றும் ஒன்றாக நேர்ந்தது கேப்டன் டார்சிக்கு. 1879 ஜூலை 3 அன்று, ஜூலுப் போரின் கடைசிப் பெரிய சண்டையான உலுண்டிச் சண்டைக்கு முந்தைய நாள், வேவு பார்க்கப் போன குதிரைப்படை பின்வாங்கியபோது ரௌபன்ஹைம் என்ற வீரர் குதிரையிலிருந்து விழுந்தார். டார்சி நின்று அவரைப் பின்னால் ஏற்றினார். குதிரை உதைத்து இருவரையும் கீழே தள்ளியது. டார்சிக்குப் பலமான அடி. ரௌபன்ஹைம் மயங்கிவிட்டார். தன்னந்தனியாக அவரைத் தூக்கிக் குதிரையில் போட டார்சி முயன்று பார்த்தார். உடம்பில் வலு இல்லை என்று தெரிந்த பிறகே ஏறிப் போனார். அதற்குள் ஜூலுக்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். ரௌபன்ஹைமைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் டார்சிக்கு விக்டோரியா கிராஸ் தந்தார்கள். மீட்பு வெற்றி பெற்றதா என்று விதி கேட்பதில்லை. எதிரியின் முன்னால் எவ்வளவு துணிந்தார் என்பதையே கேட்கிறது.

இதே டார்சி, மூன்று மாதத்துக்கு முன்னால் தானே மீட்கப்பட்டவர். மார்ச் 28 அன்று ஹ்லோபானே மலையிலிருந்து படை சிதறி இறங்கியபோது, குதிரை இழந்து நடந்து வந்த அவரைத் தன் குதிரையில் ஏற்றிப் பின்காவல் படையிடம் கொண்டு சேர்த்தவர் லெஃப்டினண்ட் கர்னல் ரெட்வர்ஸ் புல்லர். அன்றே எவரிட் என்ற அதிகாரியையும், ஜூலுக்களுக்கு 80 கஜ தூரத்தில் களைத்துப்போன குதிரையோடு சிக்கிக்கொண்ட இன்னொரு வீரரையும் புல்லர் அதே முறையில் காப்பாற்றினார். வாஸலுக்கும் புல்லருக்கும் விக்டோரியா கிராஸ் அறிவிப்பு ஒரே நாளில், 1879 ஜூன் 17 அன்று வெளியானது.

டார்சி முயன்ற அதே ஜூலை 3 அன்று பெரஸ்ஃபோர்டு பிரபு என்ற அதிகாரியும் ஒரு சார்ஜண்டை இப்படி மீட்டார். ஓட்டூல் என்ற இன்னொரு சார்ஜண்ட் கூடவே வந்து துரத்தியவர்களைச் சுட்டுத் தடுத்து, காயம்பட்டவரைக் குதிரையில் தாங்கிப் பிடிக்கவும் உதவினார். இருவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. டார்சியிடம் அன்று இல்லாதது இந்த இரண்டாவது ஆள்தான்.

செயலிலிருந்து பதக்கம் வரை

விக்டோரியா கிராஸை நிறுவிய சாசனத்தில் விக்டோரியா அரசி கையெழுத்திட்டது 1856 ஜனவரி 29-இல். 1857 ஜூன் 26 அன்று லண்டன் ஹைடு பூங்காவில் 62 பேருக்கு அவரே முதன்முதலில் அணிவித்தார். சிப்பாய் முதல் தளபதி வரை பதவி பாராமல் ஒரே பதக்கம் என்பது அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் புதுமை. அதற்கு முன் உயர்ந்த கௌரவங்கள் எல்லாம் மூத்த அதிகாரிகளுக்கே போயின.

நடைமுறை இப்படிப் போகும். செயலைக் கண்ட சாட்சி சொல்ல வேண்டும். ரெஜிமெண்டின் கட்டளை அதிகாரி அதை ஆராய்ந்து பரிந்துரை எழுதுவார். களத்தின் தளபதி வழியாக அது லண்டன் போர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து அரசியின் ஒப்புதலுக்கு. ஒப்புதல் கிடைத்ததும் ‘லண்டன் கெசட்’ என்னும் அரசிதழில், பெயரோடும் செயலின் சுருக்கத்தோடும் வெளியாகும். சட்டப்படி பதக்கம் வழங்கப்பட்டது என்பதற்கு அந்த அறிவிப்பே ஆதாரம். வாஸலின் விஷயத்தில் ஜனவரியில் செயல், ஜூனில் அரசிதழ். செப்டம்பர் 11 அன்று டிரான்ஸ்வாலின் உட்ரெக்ட் நகரில் தளபதி சர் கார்னெட் வோல்ஸ்லி அவருக்கு அணிவித்தார். சிப்பாய்க்கு ஆண்டுக்கு 10 பவுண்டு ஓய்வூதியமும் சேர்ந்து வந்தது.

இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் பதக்கம் இல்லை. சாட்சி இறந்துவிட்டால் முடிந்தது. இசாண்டில்வானாவில் கடைசிவரை நின்று இறந்தவர்கள் செய்ததைச் சொல்ல அவர்கள் பக்கத்தில் ஆளே மிஞ்சவில்லை.

ஒரு முழுப் பிரிவே துணிச்சலாகச் செயல்பட்டு, யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது? அதற்குச் சாசனம் வாக்கெடுப்பு வைத்திருந்தது. அதிகாரிகள் தங்களில் ஒருவரையும், சார்ஜண்ட் நிலையில் இருப்பவர்கள் தங்களில் ஒருவரையும், சிப்பாய்கள் தங்களில் இருவரையும் தேர்ந்தெடுப்பார்கள்.

‘எதிரியின் முன்னால்’ என்ற நிபந்தனையும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1858 முதல் 1881 வரை, எதிரி இல்லாத ஆபத்திலும் இதைத் தர இடம் இருந்தது. அந்த இடைவெளியில் வந்ததுதான் நம் வங்காள விரிகுடாவில் நடந்த ஒரு மீட்பு. 1867 மே 7 அன்று, சிறிய அந்தமான் தீவின் கரையில் பேரலையில் சிக்கிக்கொண்டவர்களைப் படகில் போய் மீட்டதற்காக, 24-ஆம் ரெஜிமெண்டின் மருத்துவர் டக்ளஸுக்கும் நான்கு சிப்பாய்களுக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்த நால்வரில் ஒருவரான வில்லியம் கிரிஃபித்ஸ் பன்னிரண்டு ஆண்டு கழித்து இசாண்டில்வானாவில் இறந்தார்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

யாருக்குத் தகுதி என்ற விதிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நியூசிலாந்தில் 1864 பிப்ரவரி 11 அன்று, காயம்பட்ட சிப்பாய் ஒருவரைக் குண்டுமழையில் காத்து நின்றார் சார்லஸ் ஹீஃபி. அவர் குடியேற்ற நாட்டின் உள்ளூர்ப் படைக்காரர் என்பதால் முதலில் தகுதி இல்லை என்றார்கள். 1867-இல் சாசனத்தை விரிவாக்கிய பிறகே அவருக்குக் கிடைத்தது.

இந்தியச் சிப்பாய்களுக்கு இன்னும் நாளாயிற்று. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த வெள்ளையர்களுக்கு விக்டோரியா கிராஸ் உண்டு. அவர்களின் பக்கத்தில் நின்று அதே சண்டையில் போரிட்ட இந்தியருக்கு 1911 வரை இல்லை. அந்த ஆண்டு டில்லி தர்பாரில்தான் அறிவித்தார்கள். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் போரிட்ட குதாதாத் கான் அதைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய். அதுவரை இந்தியருக்கு என்று இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனி 1837-இல் தொடங்கிய ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’. அதில் மூன்று வகுப்பு. மூன்றாம் வகுப்பு பெற்றவருக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், இரண்டாம் வகுப்புக்கு மூன்றில் இரண்டு, முதல் வகுப்புக்கு இரட்டைச் சம்பளம். 1897 செப்டம்பர் 12 அன்று, அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த சாராகடியில் இறந்த 36-ஆம் சீக்கியப் படையின் 21 பேருக்கும் இதையே தந்தார்கள். விக்டோரியா கிராஸ் இறந்தவர்களுக்கு இல்லை என்று இருந்த காலத்தில் அது நடந்தது.

காயம்பட்டவர்களைச் சுமந்த இந்தியர்களின் கதை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 நவம்பரிலிருந்து சென்னையில் கப்பலேற்றிக் கொண்டுபோன ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதி தமிழரும் தெலுங்கரும். 1899-இல் போயர் போர் வெடித்தபோது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். அதில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர்கள், மீதி எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஸ்ட்ரெச்சரில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்தார்கள். கொலென்சோ சண்டையில் பீரங்கிகளை மீட்கப் போய்க் காயமடைந்து இறந்த லெஃப்டினண்ட் ராபர்ட்ஸின் உடலைச் சுமந்ததும் இந்தப் படைதான் என்று காந்தி எழுதியிருக்கிறார். ராபர்ட்ஸுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அன்று அங்கே தளபதியாக இருந்தவர், ஹ்லோபானேயில் மூவரைக் காப்பாற்றிய அதே புல்லர். ஆம்புலன்ஸ் படையின் தலைவர்களுக்குப் போர்ச்சேவைப் பதக்கம் வந்தது. தோட்டத்திலிருந்து வந்து தோளில் சுமந்தவர்களின் பெயர்கள் பதக்க வரலாற்றில் ஏறவில்லை. அந்தப் பதக்கத்தையும் சேர்த்து, தனக்குத் தந்தவை எல்லாவற்றையும் காந்தி 1920 ஆகஸ்ட் 1 அன்று வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார்.

ஜூலு தரப்புக்கும் தனி மரியாதைமுறை இருந்தது. போரில் துணிந்தவருக்கு, சிறு மரத்துண்டுகளைக் கோத்த ‘இசிக்கூ’ என்னும் மாலை அணியும் உரிமை உண்டு. மன்னர் தன் கையால் தரும் பித்தளைக் கைக்காப்பும் உண்டு. இசாண்டில்வானாவில் வென்றவர்கள் அவர்கள்தான் என்பதால், அன்றைய வீரத்தை முழுதாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த மாலைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மீட்புக்கு விக்டோரியா கிராஸ் தாராளமாகக் கிடைத்த காலம் முதல் உலகப் போரோடு முடிந்தது. காயம்பட்டவரை எடுத்துவரப் போய்ச் சண்டையிடும் வீரர்களே அடுத்தடுத்துச் செத்தார்கள். அதனால், காயம்பட்டவரைக் கவனிப்பதே கடமையாக உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதற்காகப் பதக்கம் இல்லை என்று உத்தரவிட்டார்கள். விக்டோரியா கிராஸை இருமுறை பெற்றவர்கள் இதுவரை மூன்றே பேர். அதில் மார்ட்டின் லீக், சவாஸ் இருவரும் ராணுவ மருத்துவர்கள்.

பதக்கத்தைக் கையில் வைத்துப் பார்க்கும்போது

விக்டோரியா கிராஸ் வெள்ளியோ தங்கமோ அல்ல, வெண்கலம். அகலம் சுமார் 36 மில்லிமீட்டர். கிரீடத்தின்மேல் நிற்கும் சிங்கம், கீழே நாடாவில் ‘ஃபார் வேலர்’ என்ற எழுத்து. லண்டனின் ஹான்காக்ஸ் நகைக்கடைதான் தொடக்கத்திலிருந்தே செய்கிறது. பீரங்கி வெண்கலம் கடினமானது என்பதால் அச்சில் அடிக்கும்போது அச்சே விரிசல் விட்டது. எனவே வார்ப்பில் ஊற்றி, ஒவ்வொன்றையும் கையால் செதுக்கி முடிக்கிறார்கள். கிரிமியப் போரில் செவஸ்தபோலில் பிடித்த ரஷ்யப் பீரங்கியின் உலோகம் என்று சொல்வது வழக்கம். ஆனால் உலோக ஆய்வில் சீனப் பீரங்கிகளின் உலோகமும் தெரியவந்திருக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு இடங்களைப் படிக்க வேண்டும். மேலே தொங்கும் பட்டையின் பின்புறம் பெயரும் படைப்பிரிவும், சிலுவையின் நடு வட்டத்தில் செயல் நடந்த தேதியும். ரிப்பன் ராணுவத்துக்குச் சிவப்பு, கடற்படைக்கு 1918 வரை நீலம்.

ஜூலுப் போரின் போர்ச்சேவைப் பதக்கம் வெள்ளி, விட்டம் 36 மில்லிமீட்டர். முன்பக்கம் அரசியின் தலை. பின்பக்கம் புதரின் முன்னால் குனிந்த சிங்கம், அதன் கீழே ஜூலுக் கேடயமும் குறுக்காக வைத்த ஈட்டிகளும். 1853-ஆம் ஆண்டுப் பதக்கத்தின் அதே வடிவம்தான் இது. அதில் ஆண்டு இருந்த இடத்தில் இதில் கேடயம் இருக்கிறது. ஆரஞ்சு ரிப்பனில் கருநீலக் கோடுகள். ரிப்பனின் குறுக்கே ‘1879’, ‘1878-9’ என்பது போல ஆண்டு பொறித்த வெள்ளிப் பட்டை ஒன்று இருக்கும். அவர் எந்தெந்த ஆண்டு களத்தில் இருந்தார் என்பதை அது சொல்லும். எல்லை தாண்டாமல் நேட்டாலிலேயே பணியாற்றியவருக்குப் பட்டை இல்லாத பதக்கம்தான்.

பெயர் இருப்பது பதக்கத்தின் விளிம்பில். எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் என்று வெட்டியிருக்கும். போலிகள் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும். இசாண்டில்வானாவில் இறந்தவரின் பதக்கத்துக்கு விலை பல மடங்கு என்பதால், சாதாரணப் பதக்கத்தின் பெயரை அரவி எடுத்துவிட்டு வேறு பெயரை வெட்டுவார்கள். அரவினால் வெள்ளி குறையும். வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை நான்கைந்து திசையில் அளந்தால், அரவிய இடத்தில் அளவு இறங்கும். ரெஜிமெண்டின் பெயரையும் பாருங்கள். 1881-இல் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளுக்கு எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வைத்தார்கள். 80-ஆம் படை தெற்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் ரெஜிமெண்டில் சேர்ந்தது, 24-ஆம் படை தெற்கு வேல்ஸ் எல்லைப்படை ஆனது. ஜூலுப் போர்ப் பதக்கத்தில் இந்தப் பிற்காலப் பெயர் இருந்தால், அது தாமதமாக வழங்கியதா, கைவைத்ததா என்று விசாரிக்க வேண்டும். கடைசி உரைகல், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பதிவேடுகள். போர்ச்சேவைப் பதக்கங்களுக்கு ‘டபிள்யூ.ஓ. 100’ என்ற வரிசை, விக்டோரியா கிராஸுக்கு ‘டபிள்யூ.ஓ. 98’. பதக்கத்தில் உள்ள எண்ணும் பெயரும் அங்கே உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

தமிழ்நாட்டில் சில வீடுகளில் உலகப் போர்க் காலப் பதக்கங்கள் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் படைவீரருக்கு வெள்ளியிலும், இந்தியத் தொழிலாளர் படை போன்றவற்றில் போனவருக்கு வெண்கலத்திலும் தரப்பட்டது. வெண்கலமாக இருப்பதாலேயே அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களில் பிரிட்டிஷாருக்குத் தந்தவற்றில் பெயர் இருக்காது, இந்தியப் படையினருக்குத் தந்தவற்றின் பின்புறம் எண்ணும் பெயரும் இருக்கும். அந்த எண்தான் தாத்தாவின் பணிப்பதிவைத் தேட முதல் திறவுகோல்.

அந்த எழுத்தைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு வேண்டுகோள். வெண்கலத்தைப் புளி போட்டுத் துலக்காதீர்கள், வெள்ளியை விபூதி வைத்துத் தேய்க்காதீர்கள். இரண்டுமே மேல்பரப்பைத் தின்னும். நாலைந்து முறை தேய்த்தால் விளிம்பு எழுத்து மழுங்கத் தொடங்கும், அந்தப் பழுப்பு நிறமும் போய்விடும். மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ரிப்பனை நனைக்க வேண்டாம், சாயம் ஓடும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நாளடைவில் அதிலிருந்து கசியும் பிசுபிசுப்பு உலோகத்தில் பச்சையாகப் பிடிக்கும். அமிலம் இல்லாத காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு பெட்டியில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். மூடுவதற்கு முன் விளிம்பைச் சுற்றி நாலு கோணத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.